கைமிஷினைக் கால்மிஷினாக மாற்றுவது: ஸ்டாண்டு, பெல்ட், மிதிக்கிற பழக்கம்

நூலிழை கேட்டது:

வணக்கம். வீட்டில் இருப்பது கையால் சுற்றுகிற பழைய கறுப்புத் தையல் மிஷின், மரப்பெட்டி மேல் வைத்தது. வலது கை எப்போதும் கைப்பிடியில் இருப்பதால் துணியை இடது கை ஒன்றுதான் பிடிக்க முடிகிறது. தலையணை உறை, பாவாடை ஓரம் போன்ற நேர்த்தையலுக்கு அது போதும். பிளவுஸ் கழுத்து வளைவுக்கும் கை ஏற்றுவதற்கும் இரண்டு கையும் துணியில் இருந்தால்தான் சரியாக வரும் போலிருக்கிறது.

இப்போது மிஷின் இல்லாத பழைய கால் ஸ்டாண்டு ஒன்று பலகையோடு கிடைத்திருக்கிறது. இரும்பு நன்றாக இருக்கிறது. பெல்ட் இல்லை. பெடலை மிதித்தால் டக் டக் என்று சத்தம் வருகிறது, பெரிய வீல் ஒரு சுற்று போய் நின்றுவிடுகிறது.

தெரிந்துகொள்ள வேண்டியவை:

என் மிஷின் இந்த ஸ்டாண்டில் உட்காருமா என்று எப்படிப் பார்ப்பது? கைப்பிடியைக் கழற்றினால் மறுபடி மாட்ட முடியுமா? பெல்ட் என்ன அளவு, எப்படி இணைப்பது? அடுத்த தெருவில் இருக்கிற கால்மிஷினில் மிதித்துப் பார்த்தால் வீல் பாதி நேரம் பின்பக்கமாகச் சுற்றுகிறது, நூல் சிக்கி அறுந்துபோகிறது. அதற்கு என்ன வழி? அம்மாவும் தைப்பார். அவருக்கு இடது காலில் பலம் குறைவு. ஒற்றைக் காலால் மிதிக்க முடியுமா?

---

ஊசிமுனை:

ஸ்டாண்டுக்குக் காசு செலவழிக்கும் முன் மிஷினை அளந்துவிடுங்கள். மூன்று இடம் பார்க்க வேண்டும்.

முதலில் அடித்தட்டு. வீட்டு உபயோகத்துக்கான முழு அளவு மிஷினின் அடித்தட்டு சுமார் 14½ அங்குல நீளம், 7 அங்குல அகலம். பெரும்பாலான கால் ஸ்டாண்டுப் பலகைகளின் திறப்பு இந்த அளவுக்குத்தான் வெட்டியிருக்கும். கைமிஷின்களில் 12 அங்குலம் சொச்சம் நீளமுள்ள சின்ன உடல் வகை ஒன்றும் உண்டு. உங்களுடையது அதுவானால் திறப்பில் இடைவெளி விழும், கீலும் பொருந்தாது. பலகையை மாற்றினால்தான் வழி. அதற்கு மெனக்கெடுவதைவிட முழு அளவு மிஷின் ஒன்றைத் தேடுவது நல்லது.

இரண்டாவது, வலது பக்கம் இருக்கிற சின்ன வீல். அதன் விளிம்பை ஒட்டி பெல்ட் உட்காருகிற பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கைமிஷின் வீல்களில் இருக்கும். இல்லையென்றால் அதே வகை மிஷினுக்கான பள்ளம் உள்ள வீலை வாங்கி மாட்ட வேண்டியிருக்கும். வாங்கும்போது கனமான வீலாகப் பாருங்கள். மிதி மேலும் கீழும் திரும்புகிற இடத்தில் வேகம் செத்துப்போகாமல் இழுத்துக்கொண்டு போவது அந்தக் கனம்தான்.

மூன்றாவது, அடித்தட்டின் பின் ஓரத்தில் கீல் முளை நுழைகிற இரண்டு துளைகள். பலகையில் இருக்கிற கீல் முளைகளுக்கு இடையே உள்ள தூரமும், அந்தத் துளைகளுக்கு இடையே உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். முளையின் கனம் சுமார் 3/8 அங்குலம். துளைக்குள் ஆடாமல் நுழைய வேண்டும்.

மூன்றும் சரியாக இருந்தால் கைப்பிடிக்கு வாருங்கள். கைப்பிடிப் பெட்டி மிஷினின் தூண் பக்கத்தில் பெரிய திருகு ஒன்றால் பிடித்திருக்கும். அதிலிருந்து நீளுகிற இரும்பு விரல் வீலின் ஆரக்கால்களுக்கு நடுவே நுழைந்து வீலைத் தள்ளும். விரலை மடக்கி வெளியே எடுத்துவிட்டுத் திருகைக் கழற்றினால் பெட்டி முழுதாக வந்துவிடும். எதையும் வெட்ட வேண்டாம், துளை போட வேண்டாம். திருகையும் பெட்டியையும் ஒரு துணிப்பையில் போட்டு ஸ்டாண்டின் இழுப்பறையிலேயே வையுங்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம்.

கழற்றியதும் ஒரு சோதனை. நூல் கோர்க்காமல், அழுத்துகாலை (துணியை அழுத்திப் பிடிக்கிற பாகம்) மேலே தூக்கியபடி, சின்ன வீலை ஒற்றை விரலால் உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கைமிஷினில் இரும்பு விரல் வீலை நேராகத் தள்ளுகிறது, அங்கே வழுக்குவதற்கு ஒன்றுமில்லை. மிஷின் இறுகியிருந்தாலும் கை கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி ஓட்டிவிடும். கால்மிஷினில் வீலை இழுப்பது பெல்ட்டின் உராய்வு மட்டுமே. மிஷின் இறுகியிருந்தால் பெல்ட் வழுக்கும், அல்லது முழங்கால் வலிக்கும். கையில் நன்றாக ஓடியது, ஸ்டாண்டில் ஏற்றியதும் கெட்டுவிட்டது என்று சொல்லப்படுகிற மிஷின்கள் பலவற்றில் கோளாறு இதுதான்.

இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் பழைய எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் நிச்சயம் பிசின் மாதிரி உறைந்திருக்கும். எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும், அடியில் உராய்கிற ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சில நிமிடம் வீலைச் சுற்றி, வழிகிற கறுப்பைத் துடையுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், உயவாக நிற்காது. அதனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. காய்ந்ததும் எல்லா இடத்திலும் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டு மறுபடி சுற்றுங்கள்.

ஸ்டாண்டில் ஏற்றும்போது இரண்டு பேர் வேண்டும். வார்ப்பிரும்பு உடல் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். மிஷினைப் பின்பக்கம் சாய்த்தபடி துளைகளைக் கீல் முளைகளில் நுழைத்து, அடியில் இருக்கிற இரண்டு சிறு திருகுகளையும் இறுக்குங்கள். கையை எடுக்கும் முன் மிஷினை லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். முளையை விட்டுக் கழன்று வரக் கூடாது. இந்தத் திருகு பிடிக்காமல் விட்டால், பிறகு எண்ணெய் விடச் சாய்க்கும்போது மிஷின் தரையில்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு நூலில் கல் கட்டி, சின்ன வீலின் பள்ளத்திலிருந்து கீழே தொங்கவிடுங்கள். நூல் பெரிய வீலின் பள்ளத்துக்கு நேராக இறங்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பெல்ட் பலகைத் துளையின் ஓரத்தில் உரசி நார் நாராகக் கிழியும், அடிக்கடி வீலை விட்டு இறங்கும். பலகையை ஸ்டாண்டோடு பிணைக்கிற திருகுகளைத் தளர்த்தி, பலகையை நகர்த்தி நேராக்கிக்கொள்ளலாம்.

---

காஜாபட்டன்:

ஊசிமுனை அண்ணன் மிஷின் பக்கம் சொல்லிட்டார். நான் ஸ்டாண்டையும் பெல்ட்டையும் சொல்றேன்.

டக் டக் சத்தம் வருதுன்னா எங்கேயோ ஒரு மூட்டு தேஞ்சிருக்கு, இல்ல நட்டு லூஸு. மிஷினும் பெல்ட்டும் ஏத்தறதுக்கு முன்னாடியே இதைச் சரி பண்ணிடுங்க. ஏத்தின பிறகு எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியாது.

முதல்ல ஸ்டாண்டு நாலு காலும் தரையில ஒட்டி நிக்குதான்னு பாருங்க. ஆடுச்சுன்னா உடனே அட்டையை மடிச்சு வைக்காதீங்க. ரெண்டு பக்கச் சட்டத்தையும் நடுவுல பிணைக்கிற போல்ட்டு எல்லாத்தையும் அரைச் சுத்து தளர்த்தி, சமமான தரையில நிறுத்தி, மேலேருந்து ஒரு அழுத்து அழுத்திட்டு, அப்புறம் ஒவ்வொண்ணா இறுக்குங்க. சட்டம் முறுக்கிக்கிட்டு நின்னா பெடல் ரெண்டு முனையிலயும் பிடிக்கும். வீல் ஒரு சுத்துல நிக்கறதுக்கு பாதி காரணம் இதுவாவே இருக்கலாம்.

அடுத்தது பெடல். ரெண்டு பக்கமும் கூர் முனைத் திருகுல தொங்குது, அதுக்கு வெளியில பூட்டு நட்டு இருக்கும். பெடலைப் பிடிச்சு இடதும் வலதுமா ஆட்டுங்க. டொக்குனு அடிச்சா கூர் திருகை கால் சுத்து உள்ளே விடுங்க. ரொம்ப விட்டா பெடல் தானா தொங்காது, வெச்ச இடத்துலயே நிக்கும். ஆட்டமும் இருக்கக் கூடாது, பிடிப்பும் இருக்கக் கூடாது. அந்த இடம் கிடைச்சதும் திருகு திரும்பாம ஸ்க்ரூ டிரைவரால பிடிச்சுக்கிட்டு நட்டைப் பூட்டுங்க. நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே திரும்பிடும், அதைப் பலரும் கவனிக்கறதில்ல.

பெடலையும் பெரிய வீலையும் இணைக்கிற ராடு இருக்கே, சத்தம் அதிகம் அதுலதான் வரும். மேல் முனை, கீழ் முனை ரெண்டையும் விரலால தொட்டுக்கிட்டு இன்னொரு கையால பெடலை மெல்ல ஆட்டுங்க. எந்த முனை அடிக்குதோ விரல்ல தெரியும். இறுக்கற திருகு இருந்தா இறுக்குங்க. புஷ், அதாவது முனைக்குள்ள இருக்கிற வளையம், தேஞ்சு முட்டை வடிவமா ஆயிடுச்சுன்னா இறுக்கிப் பிரயோஜனமில்ல, புஷ்ஷை மாத்தணும். சிலபேர் தோலைச் சுத்தி வெச்சுச் சமாளிப்பாங்க, சீக்கிரமே மறுபடி அடிக்க ஆரம்பிச்சிடும்.

பெரிய வீல் அச்சுல நூல் சுத்தியிருக்கும். பழைய ஸ்டாண்டு எதைத் திறந்தாலும் அங்க ஒரு கொத்து நூலும் முடியும் எண்ணெயோட சேர்ந்து கெட்டியா இருக்கும். கொக்கி ஊசியால முழுசா பிடுங்கி எடுங்க. அப்புறம் பெடல் முனை ரெண்டு, ராடு முனை ரெண்டு, வீல் அச்சு, இத்தனை இடத்துலயும் எண்ணெய் விடுங்க. பெல்ட் இல்லாம ஒரு மிதி நல்லா மிதிச்சுக் காலை எடுத்துடுங்க. வீல் தன் பாட்டுக்குப் பல சுத்து போய் ஆடி ஆடி நிக்கணும். அப்படிப் போகலைன்னா பெல்ட் போடாதீங்க, மறுபடி முதல்லேருந்து பாருங்க.

பெல்ட்: உருண்டைத் தோல் பெல்ட், 3/16 அங்குல கனம், அதாவது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். கடையில 6 அடி நீளத்துல கொக்கியோட கிடைக்கும், முழு அளவு ஸ்டாண்டுக்கு அது போதும். ஒரு நூலை பெரிய வீல் பள்ளத்துல சுத்தி, பெல்ட் வழிகாட்டிக்குள்ள விட்டு, பலகைத் துளை ரெண்டு வழியாவும் மேலே கொண்டுவந்து, சின்ன வீலைச் சுத்திப் பிடிச்சு அளந்துக்குங்க. பெல்ட்டை அந்த அளவுக்கே வெட்டுங்க, குறைச்சு வெட்டாதீங்க. மாட்டிப் பார்த்துட்டு கால் அங்குலம் கால் அங்குலமா குறைச்சுக்கலாம். குறைஞ்சு போனதைக் கூட்ட முடியாது.

வெட்டு நேரா இருக்கணும், சாய்வா வெட்டினா இணைப்பு தடிக்கும். முனையிலேருந்து கால் அங்குலம் தள்ளி, தோலோட நடு மையத்துல துளை போடுங்க. ஓரமா போட்டா கொக்கி கிழிச்சுக்கிட்டு வந்துடும். பெல்ட் முறுக்கில்லாம இருக்கான்னு பார்த்துட்டு கொக்கியை ரெண்டு முனையிலயும் கோர்த்து, இடுக்கியால நல்லா மடிச்சுத் தட்டையாக்குங்க. கொக்கி முனை வெளியே நீட்டிட்டு இருந்தா சின்ன வீலை ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் டிக் டிக்னு அடிக்கும், விரலையும் கீறும்.

எவ்வளவு டைட்டா இருக்கணும்? பலகைக்கு மேலே தெரியற பெல்ட்டை ஒரு விரலால அழுத்தினா அரை அங்குலம் உள்ளே போகணும். அதுக்கு மேல டைட்டு வெச்சா மிதிக்கக் கனமா இருக்கும், மிஷினோட மேல் தண்டு புஷ் ஒரு பக்கமா தேயும். லூஸா இருந்தா தடிச்ச துணியில வீல் நிக்கும், காலு மட்டும் ஓடும். புதுத் தோல் கொஞ்ச நாள் ஓடினதும் நீளும், அப்ப கால் அங்குலம் வெட்டி மறுபடி கொக்கி போடுங்க. பெல்ட்டுல எண்ணெய் படக் கூடாது. பட்டா காஞ்ச துணியால துடைச்சு, வீல் பள்ளத்தையும் துடைங்க.

தைக்காத நேரத்துல பெல்ட்டை பெரிய வீல்லேருந்து இறக்கி வைங்க, நீளறது குறையும். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா இதைக் கட்டாயம் செய்யணும். பெடல் மேல ஏறி நின்னா மேலே வீலும் ஊசியும் ஓட ஆரம்பிச்சிடும், விரலை பெல்ட்டுக்கும் வீலுக்கும் நடுவுல விட்டா நசுங்கிடும்.

---

நூலிழை:

மிக்க நன்றி அண்ணா. அளந்தேன், 14½ × 7 சரியாக இருக்கிறது, வீலில் பள்ளமும் உண்டு. பெரிய வீல் அச்சில் நீங்கள் சொன்ன மாதிரியே நூல் பந்து. எடுத்ததும் வீல் நன்றாகச் சுற்றுகிறது. பெல்ட்டும் போட்டாயிற்று. ஆனால் இப்போது சின்ன வீல் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை. சின்ன வீலின் நடுவில் இருக்கிற திருகை எவ்வளவு இறுக்கினாலும் அப்படியே இருக்கிறது. எண்ணெய் விடுவதற்காக அதைக் கழற்றியிருந்தேன்.

---

காஜாபட்டன்:

உள்ளே இருக்கிற வாஷர் திரும்பி உட்கார்ந்திருக்கு. நடுத் திருகுல ஒரு குட்டி நிறுத்துத் திருகு இருக்கும், அதைத் தளர்த்திட்டு பெரிய திருகைக் கழட்டுங்க. உள்ளே நாக்கு நீட்டின வாஷர் தெரியும். அதை எடுத்து அரைச் சுத்து திருப்பிப் போடுங்க. நாக்கு ரெண்டும் வெளிப்பக்கம் பார்க்கணும். திரும்ப மூடி இறுக்கி, குட்டித் திருகையும் போடுங்க. இறுக்கினா ஊசி ஓடணும், தளர்த்தினா வீல் மட்டும் சுத்தணும். பாபின்ல, அதாவது அடி நூல் உருளையில, நூல் சுத்தும்போது தளர்த்தறது இதைத்தான், அதனால ரெண்டு நிலையும் சரியா வேலை செய்யணும்.

---

நேர்த்தையல்:

இனி கால் பழக வேண்டியதுதான். தையல் பயிற்சிக்கு வருகிறவர்கள் மிக அதிகமாகத் திணறுகிற இடம் இது. மிஷின் கோளாறு என்று நினைத்து, நூலின் இறுக்கத்தை மாற்றுகிற டென்ஷன் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள்.

ஏன் பின்னால் சுற்றுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பெடல் முன்னும் பின்னும் சாய்கிறது, வீல் வட்டமாகச் சுற்றுகிறது. பெடல் ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்து நிற்கும்போது ராடும் வீலின் அச்சும் ஒரே கோட்டில் இருக்கும். அந்த நிலையில் எவ்வளவு மிதித்தாலும் வீல் நகராது, நகர்ந்தாலும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பெடல் சமமட்டமாக இருக்கும்போதுதான் மிதிக்குப் பலம் அதிகம். ஆனால் ஒரு சுற்றில் பெடல் இரண்டு முறை சமமட்டமாகிறது. ஒன்றில் விரல் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும், மற்றொன்றில் குதிகால் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். குதிகால் இறங்க வேண்டிய நேரத்தில் விரலால் அழுத்தினால் வீல் பின்னால்தான் போகும். வீல் பின்னால் போனால், ஊசிக்கு அடியில் பாபினோடு இருக்கிற ஷட்டிலின் கொக்கு ஊசி நூலின் வளையத்தைப் பிடிக்காது. நூல் அடியில் குவிந்து ஷட்டில் பாதையில் மாட்டிக்கொள்ளும், அறுந்துவிடும்.

அதனால் ஆரம்பத்தில் கை உதவ வேண்டும். வலது உள்ளங்கையைச் சின்ன வீலின் மேல் வைத்து உங்கள் பக்கமாக இழுங்கள். கால்கள் பெடலோடு ஒட்டிப் போகட்டும், எதிர்த்து நிற்க வேண்டாம். பெடல் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாதத்துக்குத் தெரிந்ததும் அந்தப் பக்கத்தை அழுத்துங்கள். இரண்டு மூன்று சுற்று ஓடிய பிறகே கையைத் துணிக்குக் கொண்டு வாருங்கள். பழகாதவர்கள் கையைச் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள், வீல் சாய்வு முனையைத் தாண்டாமல் திரும்பி வந்துவிடும்.

கால் வைக்கும் விதம்: இரண்டு பாதமும் பெடல் மேல் முழுதாகப் பதிய வேண்டும். ஒரு பாதம் அரைப் பாதம் முன்னால், மற்றது பின்னால். முன்பாதத்தின் விரல் பக்கம் ஒரு தள்ளு, பின்பாதத்தின் குதிகால் ஒரு தள்ளு. அசைய வேண்டியது கணுக்கால். முழங்கால் மேலும் கீழும் குதித்தால் தொடை சோர்ந்துவிடும். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். வெறுங்கால் நல்லது, பெடல் இரும்பு பாதத்தை அழுத்தினால் மெல்லிய ரப்பர் விரிப்பை இறுகக் கட்டிக்கொள்ளலாம்.

நாற்காலியை மிஷினுக்கு நேராகப் போடுங்கள். உங்கள் மூக்குக்கு எதிரே ஊசி இருக்க வேண்டும். தொடை தரைக்கு இணையாக, முழங்கால் பலகையின் அடியில் இடிக்காமல் இருக்க வேண்டும். மேஜை 30 அங்குலம் என்றால் நாற்காலி 17, 18 அங்குலத்தில் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். உயரமான ஸ்டூல் போட்டால் கால் தொங்கி, விரல் பக்கம் மட்டும் வேலை செய்யும். ஆடுசதை பிடித்துக்கொள்வது இதனால்தான்.

பழகும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பெல்ட்டை இறக்கிவிட்டு பெரிய வீலை மட்டும் ஓட்டுங்கள். ஒரே சீராக, நடுவில் திரும்பாமல் ஓடும்வரை மேலே போக வேண்டாம். பிறகு பெல்ட்டைப் போட்டு, சின்ன வீலின் நடுத் திருகைத் தளர்த்தி, ஊசி ஓடாமல் வீலை மட்டும் ஓட்டுங்கள். வேகமாக ஓட்டுவதைவிட மிக மெதுவாக ஓட்டுவதும், சொன்ன இடத்தில் நிறுத்துவதும்தான் கடினம், அதையே அதிகம் பழகுங்கள். அதன்பின் திருகை இறுக்கி, நூல் இல்லாத பழைய ஊசி போட்டு, கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே துளை விழும்படி தையுங்கள். நேர்கோடு வந்ததும் சதுரம், அதன்பின் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். தாளில் தப்பு அப்படியே தெரியும். துணியில், அடியில் இருந்து துணியை நகர்த்துகிற பல்லு இழுத்துக்கொண்டு போவதால் மறைந்துவிடும். தாளில் தைத்த ஊசி மழுங்கிவிடும், துணிக்கு வரும்போது மாற்றிவிடுங்கள். நூல் கோர்ப்பது கடைசியில்தான்.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். பெரிய வீலின் பள்ளம் 12 அங்குல விட்டம், சின்ன வீலின் பள்ளம் 2¾ அங்குலம் என்றால், ஒரு முழு மிதிக்கு, அதாவது விரல் ஒருமுறை குதிகால் ஒருமுறைக்கு, ஊசி நான்கு முறைக்குச் சற்று அதிகமாக இறங்கும். தையல் நீளம் 2½ மில்லிமீட்டரில் வைத்திருந்தால் ஒரு மிதியில் துணி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். கைப்பிடியில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று தையல்தான், கையை எந்த இடத்திலும் நிறுத்தலாம். அதனால் காலர் முனை, பாக்கெட் மூலை, கழுத்தின் வி வடிவ முனை இங்கெல்லாம் கால் மட்டும் போதாது. மூலைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே மிதியை நிறுத்தி, கடைசி மூன்று நான்கு தையலைச் சின்ன வீலைக் கையால் திருப்பிப் போடுங்கள். ஊசி துணிக்குள் இருக்கும்போதே அழுத்துகாலைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். அனுபவமுள்ள தையற்காரர்களும் மூலையில் வீலுக்குக் கை கொண்டு போவதைப் பார்க்கலாம்.

நிறுத்துவதற்கு வலது உள்ளங்கையை வீலில் வையுங்கள், கால் அதே நேரம் பெடலைச் சமமட்டத்தில் பிடிக்கட்டும். பெடலின் விரல் பக்கம் மேலிருந்து இறங்கத் தொடங்கிய இடத்தில் நிறுத்தப் பழகிவிட்டால், அடுத்த முறை கை வைக்காமல் காலாலேயே கிளம்பலாம். விரல் பக்கத்தை அழுத்தினால் வீல் முன்னால்தான் போகும் என்று உறுதியாகத் தெரியும். இரண்டு கையும் துணியிலேயே இருக்க வேண்டிய சுருக்கு வேலைக்கும் வளைவு வேலைக்கும் இது பெரிய வசதி.

ஜீன்ஸ் ஓரம் மாதிரி தையல் மேல் தையல் வருகிற தடிமனில் மிதி திணறும். அங்கே காலை உதைக்காமல் கையால் வீலைத் திருப்பிக் கடந்துவிடுங்கள். 16 அல்லது 18 எண் ஊசி போடுங்கள். உதைத்தால் ஊசி வளைந்து தட்டில் பட்டு முறியும்.

பின்னால் ஓடி நூல் சிக்கிவிட்டால் வீலை முன்னும் பின்னும் பலமாக உலுக்காதீர்கள். துணியை அறுத்து எடுத்து, பாபின் கேஸைக் கழற்றி, ஷட்டிலைப் பிடித்திருக்கிற இரண்டு நெம்புகளையும் விலக்கி, வளையத்தையும் ஷட்டிலையும் வெளியே எடுங்கள். பாதையில் கிடக்கிற நூல் துணுக்கை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுங்கள். ஒரு சின்ன நூல் துண்டு அங்கே இருந்தாலும் மிதி கனக்கும்.

சேலை, தாவணி, லுங்கி எதுவானாலும் ஓரம் பெரிய வீல் பக்கம் போகாமல் செருகிக்கொள்ளுங்கள். பெரிய வீலுக்கும் காலுக்கும் நடுவே தடுப்புத் தகடு இருக்க வேண்டும். பழைய ஸ்டாண்டுகளில் பலவற்றில் அது கழன்று போயிருக்கும். மெல்லிய பிளைவுட் துண்டை வளையக் கம்பியால் சட்டத்தில் கட்டினால் போதும்.

---

ஊசிமுனை:

அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் சொல்லவில்லை. ஒற்றைக் காலால் மிதிக்கலாம். பாதத்தைப் பெடலின் நடுவில், பெடல் சாய்கிற அச்சுக்கு நேர் மேலே உள்வளைவு வரும்படி வைக்க வேண்டும். அப்போது அதே பாதத்தின் விரலும் குதிகாலும் மாறி மாறித் தள்ளும். பாதம் முன்னால் போய்விட்டால் குதிகாலுக்குப் பிடி இருக்காது, வீல் பாதிச் சுற்றில் நிற்கும். பெடல் மேல் தோல் வார் ஒன்றைக் குறுக்கே கட்டி அதற்குள் பாதத்தை நுழைத்துக்கொண்டால் இழுக்கவும் முடியும், பாதம் நழுவாது. வாரை இறுக்கிக் கட்டக் கூடாது, அவசரத்துக்குப் பாதம் உடனே வெளியே வர வேண்டும். பெல்ட் கொஞ்சம் தளர்வாக, மிஷின் மிக இலகுவாக இருக்க வேண்டியது இங்கே இன்னும் முக்கியம்.

முழங்கால் வலி உள்ளவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்குக் கைப்பிடியே நல்லது. கைப்பெட்டியை வைத்திருக்கச் சொன்னது அதற்காகவும்தான். ஸ்டாண்டின் மேலேயே மிஷின் இருக்க, பெல்ட்டை இறக்கிவிட்டுக் கைப்பெட்டியை மாட்டித் தைக்கலாம். ஒரே மிஷினில் இருவரும் தைக்க அதுவே போதும்.

---

ஓவர்லாக்:

மோட்டார் போட்டுவிடலாமே என்று யாராவது கேட்பார்கள், அதனால் ஒரு வார்த்தை. மோட்டார் போட்டாலும் காலுக்கு வேலை இருக்கும், வேலையின் தன்மைதான் மாறுகிறது. கால்மிஷினில் கால் சக்தியையும் கொடுக்கிறது, வேகத்தையும் தீர்மானிக்கிறது. மோட்டார் வைத்த வீட்டு மிஷினில் கால் வேகத்தை மட்டும் சொல்கிறது. கால்மிஷினில் பழகியவர்கள் மோட்டார் பெடலையும் விரல், குதிகால் என்று மாறி மாறி மிதிப்பார்கள். மிஷின் விட்டு விட்டு ஓடும். குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல் பக்கத்தை மட்டும் மெல்ல அழுத்த வேண்டும்.

திருப்பூர் மாதிரி ஊர்களின் கம்பெனி மிஷின்களில் இன்னும் வேறு. பவர் மிஷினின் மிதியில் விரல் பக்கம் அழுத்தினால் ஓட்டம், குதிகால் பக்கம் அழுத்தினால் நிறுத்தம். தானாக நூல் வெட்டும் வகையில் குதிகாலை முழுதாக அழுத்தினால் நூலையும் வெட்டிவிடும். அழுத்துகாலைத் தூக்குவதற்கு வலது முழங்கால் பக்கம் ஒரு தட்டு இருக்கும், முழங்காலை வெளிப்பக்கம் சாய்த்தால் அழுத்துகால் ஏறும். துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் பெரிய மிதி ஓட்டத்துக்கு, பக்கத்தில் சங்கிலி கட்டிய சின்ன மிதி அழுத்துகாலுக்கு. கை துணியை விட்டு எழவே வேண்டாம். கால்மிஷினில் நெம்புகோலைத் தூக்கக் கை போகத்தான் வேண்டும்.

வீட்டுத் தையலுக்கு, கரண்ட் அடிக்கடி போகிற ஊரில், மோட்டாரே வைத்தாலும் ஸ்டாண்டின் மிதியையும் தோல் பெல்ட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தோல் பெல்ட்டை ஏற்றினால் வேலை நிற்காது. இரண்டு பெல்ட்டையும் ஒரே நேரத்தில் போட்டு ஓட்டக் கூடாது. மோட்டார் ஓடும்போது பெடலும் கூடவே வேகமாக ஆடும், காலை அடித்துவிடும்.

---

நூலிழை:

வாஷரைத் திருப்பிப் போட்டதும் ஊசி ஓடுகிறது. வீலை ஓட்டிப் பழகுகிறேன், தாளில் நேர்கோடு வருகிறது, வட்டம் இன்னும் வரவில்லை. ஒரு சந்தேகம்: பாபின் சுற்றும்போது அதன் ரப்பர் வளையம் வீலைத் தொடவே இல்லை.

---

காஜாபட்டன்:

ரப்பர் காஞ்சு சுருங்கியிருக்கும். விலை கொஞ்சம்தான், புதுசு போட்டுடுங்க. புது ரப்பரும் தொடலைன்னா பாபின் சுத்தியைப் பிடிச்சிருக்கிற திருகைத் தளர்த்தி, வீல் பக்கமா நகர்த்தி இறுக்குங்க. தோல் பெல்ட்டுல உரசாம வீல் விளிம்புல மட்டும் படணும். சுத்தும்போது நடுத் திருகைத் தளர்த்த மறந்துடாதீங்க, இல்லைன்னா நூல் இல்லாத ஊசி சும்மா ஓடி ஷட்டில் தேயும். சுத்தி முடிச்சதும் திருகை இறுக்கிட்டுத்தான் மிதிக்கணும்.